அம்மா ஏறினால் நிற்கும் கார்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கிக் கடற்கரை ரெயில் பாதையில் போய் முடியும். அதில் பதினான்கு வீடுகள். அந்தப் பதினான்கு வீடுகளிலும் முதன்முதலில் கார் வாங்கியவர் என் அப்பா. இதை எழுதும்போது எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த வாக்கியத்தை எழுதியவுடன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்துகொண்டதை மறைக்க விரும்பவில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சி இன்னும் அசையாமல் இருந்த காலம் அது. அப்பா துறைமுகத்தருகே ஒரு கப்பல் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்தார். கார் எந்தக் கப்பலில் வருகிறது, அந்தக் கப்பல் இன்று எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு அன்றன்றே தெரியும். மாலையில் வந்து சப்பாத்தைக் கழற்றியபடி "ஏடனுக்கு வந்திட்டுது" என்பார். ஏடன் எங்கே இருக்கிறது என்று தெரியாத அம்மா "நல்ல காலம்" என்பார். ஏதோ உறவினர் ஒருவர் பிரயாணம் செய்து வருவதுபோல நாங்கள் காத்திருந்தோம்.

வந்தது சிறிய கார்தான். கரும்பச்சை நிறம். பெரியவர்கள் நான்கு பேர் ஏறினால் ஐந்தாவது ஆள் மூச்சைப் பார்த்துத்தான் விடவேண்டும். எனக்கு அது தேராகத் தெரிந்தது. ஒழுங்கைப் பையன்கள் இடதுபக்க மட்கார்டை மட்டும் தொடலாம் என்று ஒரு சட்டம் போட்டேன். அதுவும் கையைக் கழுவிவிட்டு வந்தால்தான்.

கார் ஓட்டும் பரீட்சையில் அப்பா முதல் தடவையிலேயே தேறியவர். புத்தகத்தில் சொன்னபடி ஓட்டுவார். கையை வெளியே நீட்டிச் சைகை காட்டும்போது, தெருவில் வேறு எந்த வாகனமும் இல்லாவிட்டாலும், முழங்கை மடியாமல் நீட்டுவார். ஒவ்வொரு நாள் காலையிலும் கந்தோருக்குக் கரும்பச்சைக் கார் போகும். மாலையில் திரும்பி வரும். ஒரு குறையும் இல்லை.

முதல் குறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்த மாமி வீட்டுக்குக் குடும்பமாகப் போவதாக ஏற்பாடு. மாமி என்றால் அப்பாவின் அக்கா. தூரப் பயணம் என்பதால் அப்பா விடியவே போய்ப் பெற்றோல் தாங்கியை வாய்வரை நிரப்பிக்கொண்டு வந்தார். அப்பாவும் நானும் முன்னால், அம்மா தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்வரை நான் தெருவோரம் நின்றவர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டு போனேன். பிறகு கார் இரண்டு தரம் இருமியது. ஒரு தரம் குலுங்கியது. நின்றுவிட்டது.

அப்பா இறங்கினார். பொனற்றைத் திறந்து காரோடு வந்த புத்தகத்தை விரித்து, அதில் சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தார். ஒன்றை மட்டும் செய்யவில்லை. பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. காலையில் தன் கையால் நிரப்பியவருக்கு அது எதற்கு? அரை மணி நேரம் கழித்து, அது தன் பாட்டில் ஸ்ரார்ட் ஆனது. நாங்கள் மாமி வீட்டுக்குப் போனபோது சோறு ஆறியிருந்தது.

அடுத்த மாதம், வழக்கம்போலப் பெற்றோல் நிரப்பிக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது நின்றது. அதற்கடுத்து மொறட்டுவைக்கு ஒரு சாவீட்டுக்குப் போகும்போது நின்றது. அந்தத் தடவை அரை மணி நேரம் கழிந்தும் ஸ்ரார்ட் ஆகவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து கார்க் கம்பெனிக்கு ரெலிபோன் செய்ய, ஒரு சிங்கள பாஸ், அதாவது மெக்கானிக், மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தக் காரில் பெற்றோல் தாங்கி பொனற்றுக்கு உள்ளேயே, எஞ்சினைவிட உயரத்தில் இருந்தது. அதன் வாயில் வட்டமான ஒரு மூடி. பாஸ் முதல் வேலையாக அந்த மூடியைத் திருகிக் கழற்றி, ஒரு குச்சியை விட்டு, பெற்றோல் இருப்பதைப் பார்த்தார். பிறகு அங்கும் இங்கும் தட்டினார், கம்பிகளைத் தொட்டார், ஸ்ரார்ட் பண்ணச் சொன்னார். கார் முதல் முயற்சியிலேயே உறுமியது.

"கார் எக ஹொந்தய், மாத்தயா" என்றார். கார் நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா என்று அர்த்தம். அப்படியானால் எது நன்றாக இல்லை என்பதை அவர் பார்வை சொன்னது.

அப்பா கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். கந்தோரில் ஆயிரம் கடிதம் எழுதிய கை. தேதி, இடம், மணி எல்லாம் போட்டு எழுதினார். வந்த பதில் ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான்: வாகனத்தில் எந்தப் பழுதும் காணப்படவில்லை, ஓட்டுபவர் இன்னும் சிறிது பயிற்சி பெறுவது நல்லது. அந்த வரியை வாசித்துவிட்டு அப்பா கடிதத்தை மடித்த மாதிரி எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. கிழிக்கவில்லை. முன்பிருந்த மடிப்பின் மேலேயே சரியாக மடித்து உறைக்குள் வைத்தார்.

இந்த இடத்தில்தான் மாமி ஒரு கண்டுபிடிப்பைச் செய்தார்.

அன்றும் தாமதமாகத்தான் மாமி வீட்டை அடைந்திருந்தோம். மாமி அப்பாவிடம், அம்மா கேட்கத்தக்கதாகவே சொன்னார்: "தம்பி, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதை. கந்தோருக்கு நீ தனியப் போகேக்க ஒரு நாளும் நிக்கேல்லை. இவள் ஏறினால்தான் நிக்குது. யோசிச்சுப் பார்."

அப்பா சிரித்தார். "சும்மா இருங்கோ அக்கா" என்றார். ஆனால் அவர் கணக்குத் தெரிந்த மனிதர். கார் நின்ற நாட்களை மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருப்பார். மாமி சொன்னது பிழையில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா பின்னால் இருந்திருக்கிறார். அடுத்த வாரம் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போனார். கார் நிற்கவில்லை. மாமியின் கண்டுபிடிப்பு நிரூபணமாகிவிட்டது.

செய்தி கொட்டாஞ்சேனையிலிருந்து கிளம்பி, ஜிந்துப்பிட்டிச் சொந்தக்காரர் வழியாக, எங்கள் ஒழுங்கைக்கே வந்து சேர்ந்தது. எதிர்வீட்டு மனிசி "நீங்கள் வலது கால் வைச்சுத்தானே ஏறுறனீங்கள்?" என்று அம்மாவிடம் அக்கறையாகக் கேட்டார். நான்கூட ஒழுங்கைப் பையன்களிடம், "எங்கட அம்மா ஏறினால் கார் நிக்கும்" என்று ஒரு விசேஷத் தகவல்போலச் சொன்னேன். அதிலும் எனக்கு ஒரு பெருமை. வேறு யாருடைய அம்மாவுக்கும் அந்தச் சக்தி இல்லையே.

அதற்குப் பிறகு அம்மா காரில் ஏறுவது குறைந்தது. தங்கச்சிக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது என்பார். உலையில் அரிசி கிடக்கிறது என்பார். அப்பா "வாருமன்" என்று ஒரு தரம் கூப்பிடுவார். இரண்டாம் தரம் கூப்பிடமாட்டார். எனக்குப் பின் ஆசனம் முழுவதும் கிடைத்தது. காலை நீட்டிக்கொண்டு போனேன்.

மாமியின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. பெண் வீடு கிருலப்பனையில். கொட்டாஞ்சேனையிலிருந்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக எங்கள் கார்தான் என்று மாமி முதலிலேயே சொல்லிவிட்டார். கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார். கல்யாணத்தன்று அம்மா காரில் வரவேண்டாம். அம்மா சரியென்று தலையாட்டினார். அன்று காலை பட்டுச்சேலை உடுத்தி, தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு, ரிக்ஷோவில் ஏறி நேரே பெண் வீட்டுக்குப் போனார். அப்பா வாசலில் நின்று அந்த ரிக்ஷோ காலி வீதியில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டார்.

கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளையை ஏற்றுமுன், வழியில் ஒரு குறையும் வந்துவிடக்கூடாதென்று அப்பா பெற்றோலை வாய்வரை நிரப்பினார். மூடியைத் தன் கையாலேயே இறுக்கித் திருகினார். பின்னால் தலைப்பாகையோடு மாப்பிள்ளை மச்சான், பக்கத்தில் மாமி, முன்னால் அப்பாவும் நானும். காலிமுகத்திடலின் நடுவில், கடலும் வானமும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், கார் இரண்டு தரம் இருமியது.

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரந்தான் இருந்தது. அப்பா கோட்டைக் கழற்றிவிட்டுப் பொனற்றுக்குள் குனிந்தார். காற்றுவாங்க வந்த வெள்ளைக்காரக் குடும்பமொன்று நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் வெறுமையாக வந்த இரண்டு ரிக்ஷோக்களை மறித்து, ஒன்றில் மாப்பிள்ளையையும் மற்றதில் மாமியையும் ஏற்றி அனுப்பினார். மச்சான் ஒரு கையால் தலைப்பாகையையும் மறு கையால் ரிக்ஷோவையும் பிடித்துக்கொண்டு போனது கண்ணுக்குள் நிற்கிறது. தாலி முகூர்த்தத்தின் கடைசி நிமிடத்தில் ஏறியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாப்பாடும் பாதி முடிந்திருந்தது.

எல்லோர் முன்னிலையிலும் மாமி சொன்னார்: "நேற்றுப் பலகாரம் கொண்டுவரேக்க இவள் அதில ஏறி வந்தவள்தானே. அந்தத் தோஷம் ஒரு நாளில போயிடுமே?"

பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. அப்பா இலையில் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

அன்று மாலை வீட்டில், சேலையைக்கூட மாற்றாமல், அம்மா கேட்கத் தொடங்கினார்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கும் நிரப்பித்தானே வந்தனீங்கள்?"

"எதை?"

"பெற்றோலை."

"ஓம். வாய்மட்டும் நிரப்பினனான். பெற்றோல் இல்லாமல் நிக்கேல்லை காணும்."

"கந்தோருக்குப் போற நாளில?"

"அதுக்கு ஏன் நிரப்புவான்? கொஞ்சம் விட்டாக் காணும்."

அம்மா எழுந்து சேலையை மாற்றப் போனார். இரண்டு நாள் கழித்துக் காலையில், நான் பள்ளிக்கூடம் போகத் தேத்தண்ணிக்குக் காத்திருந்தேன். அம்மா கெட்டிப்பால் அடைத்த தகர டப்பாவான புதிய ரின்பால் பேணி ஒன்றை எடுத்து ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கோப்பைக்கு மேல் கவிழ்த்தார். ஒரு சொட்டு வந்தது. பிறகு வரவில்லை. மற்றப் பக்கத்தில் இரண்டாவது ஓட்டை போட ஆணியை வைத்தவர் அப்படியே நின்றார். பேணியை நிமிர்த்தினார். மறுபடி கவிழ்த்தார். நான் "அம்மா, நேரம் போகுது" என்றேன். அவர் காதில் விழவில்லை. இரண்டாவது ஓட்டையைப் போட்டார். பால் நூலாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் என் கோப்பை பாதிவரை பாலாகிவிட்டது. எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்.

அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா பேணியையும் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"அந்த பாஸ் வந்து மூடியைக் கழட்டேக்க உஸ்ஸெண்டு ஒரு சத்தம் கேட்டது. நான் பின்னால இருந்து கேட்டனான். காத்து உள்ளுக்குப் போற சத்தம். இஞ்சை பாருங்கோ, ஒரு ஓட்டையால பால் வராது. காத்துப் போக இன்னொரு வழி வேணும். அந்த மூடியில வழி இல்லைப் போல."

"கார் என்ன ரின்பால் பேணியே?" என்றார் அப்பா. கன்னத்தில் நுரை இருந்ததால் கோபம் முழுதாகத் தெரியவில்லை. "அப்பிடியெண்டா ஒவ்வொரு நாளும் எல்லோ நிக்கவேணும்?"

"கொஞ்சமா விட்ட நாளில தாங்கிக்குள்ள நிறையக் காத்து இருக்கும். கந்தோர்மட்டும் போகக் காணும். வாய்மட்டும் நிரப்பினால் காத்துக்கு இடம் ஏது?"

அப்பா சவரக்கத்தியைக் கீழே வைத்தார். பேணியை வாங்கி, ஒரு ஓட்டையை விரலால் அடைத்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை பெற்றோலை நிரப்பி, மூடியைத் திருகாமல் மேலே வெறுமனே வைத்துக்கொண்டு புறப்பட்டோம். அப்பாவே வற்புறுத்தி அம்மாவையும் ஏற்றினார். கல்கிசை போனது, இரத்மலானை போனது, மொறட்டுவைப் பாலம் போனது. பாணந்துறையில் இறங்கி ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். கார் ஒரு தரம்கூட இருமவில்லை. அங்கேயே மறுபடி நிரப்பி, மூடியை இறுக்கி, திரும்பினோம். மொறட்டுவையைத் தாண்டியதும் நின்றது. கார் நின்றதற்காக என் அப்பா சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். இறங்கிப் போய் மூடியைத் திருகினார். உஸ் என்ற சத்தம் முன்னால் இருந்த எனக்கும் தெளிவாகக் கேட்டது. கார் உடனே ஸ்ரார்ட் ஆனது.

திங்கட்கிழமை அப்பா கந்தோருக்கு அரைநாள் லீவு போட்டார். எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கார்க் கம்பெனிக்குப் போனார். பயிற்சி பெறும்படி கடிதம் எழுதிய துரையே வெளியில் வந்தார். உயரமான, சிவந்த மனிதர். அப்பா ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். குரல் உயரவில்லை. கடிதம் எழுதுவதுபோலவே பேசினார். துரை நம்பவில்லை. பாஸைக் கூப்பிட்டு, அங்கு நின்ற அதே வகைக் கார் இன்னொன்றின் மூடியைக் கழற்றச் சொன்னார். அதன் நடுவில் ஊசித்துளை ஒன்று இருந்தது. எங்கள் மூடியில் இல்லை. துளை போட மறந்த மூடி ஒன்று கடல் தாண்டி எங்களைத் தேடி வந்திருந்தது. பாஸ் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

துரையின் முகம் மாறியது. அவர் நல்ல மனிதராகவும் இருக்கக்கூடும். அப்பாவிடம் கையை நீட்டி, எங்கள் ஆட்கள் யாருக்கும் தோன்றாததை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், பாராட்டுகிறேன் என்றார்.

என் நெஞ்சு விம்மியது. ஒரு வெள்ளைக்காரத் துரை என் அப்பாவுக்குக் கைகொடுக்கிறார். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இதை எங்கிருந்து தொடங்குவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்பா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. காரின் பின்கதவைக் காட்டி, "கண்டுபிடித்தது நானல்ல, என் மனைவி" என்றார்.

துரை குனிந்து உள்ளே பார்த்தார். நெற்றியில் குங்குமமும் மடியில் குழந்தையுமாக அம்மா இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. 'வைஃப்' என்ற சொல் புரிந்திருக்கும். துரை தொப்பியை எடுத்து ஏதோ சொன்னார். அம்மா பதிலுக்கு, "புது மூடியை ஒருக்கா எனக்குக் காட்டச் சொல்லுங்கோ" என்று அப்பாவிடம் சொன்னார். பாஸ் புதிய மூடியைக் கொண்டுவந்தார். அம்மா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். துளை இருந்தது. "சரி, பூட்டட்டும்" என்றார்.

எனக்கோ பெரிய ஏமாற்றம். கையில் வந்து விழுந்த பெருமையை யாராவது பின் ஆசனத்துக்குத் தள்ளிவிடுவார்களா? மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிழையை நான் திருத்திக்கொண்டேன். என் கதையில் அப்பாதான் கண்டுபிடித்தார். துரை இரண்டு கைகளாலும் குலுக்கினார்.

கம்பெனியிலிருந்து வெளியில் வந்ததும் வெள்ளவத்தைப் பக்கம் திரும்புவார் என்று பார்த்தால் அப்பா எதிர்ப்பக்கம் திருப்பினார். பெற்றோல் கடையில் நிறுத்தி வாய்வரை நிரப்பினார். நேரே கொட்டாஞ்சேனை.

மாமி வாசலுக்கு வந்தார். அப்பா இறங்கவில்லை. "அக்கா, ஏறுங்கோ. ஒரு சுத்துப் போயிட்டு வருவம்" என்றார்.

மாமி உள்ளே அம்மா இருப்பதைப் பார்த்துத் தயங்கினார். அப்பா இறங்கிப்போய், அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் ஏற்றினார். துறைமுகம், கோட்டை, மாப்பிள்ளை ரிக்ஷோ ஏறிய காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி என்று போய், திரும்பவும் கொட்டாஞ்சேனைக்கு வந்தோம். கார் எங்கும் நிற்கவில்லை. வழியெல்லாம் அப்பா கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பேணி, ஓட்டை, காற்று, மூடி, துரை தொப்பியை எடுத்தது, ஒன்றையும் விடவில்லை. "நாலு மாசமா வெள்ளைக்காரனுக்கும் தெரியேல்லை, எனக்கும் தெரியேல்லை. இவதான் கண்டுபிடிச்சவ."

வீட்டு வாசலில் இறங்கும்போது மாமி, "ரின்பாலுக்கு நானும் ரெண்டு ஓட்டைதான் போடுறனான்" என்றார். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டு, "பிள்ளை, இறங்கு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

அங்கிருந்து ஜிந்துப்பிட்டி. ஒரு சித்தப்பா வீடு. பிறகு அதே தெருவில் இன்னொரு வீடு. பிறகு கிருலப்பனை, புதுப்பெண்ணின் வீடு. ஒவ்வொரு வாசலிலும் கார் நின்றது, அப்பா நிறுத்தியதால் மட்டும். ஒவ்வொரு வாசலிலும் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே கதையை முதலிலிருந்து சொன்னார். புதுக் காரின் ஓட்டத்தைச் சொந்தக்காரருக்குக் காட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். முதல் இரண்டு வீடுகளில் நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நான்காவது வீட்டில் கால் வலித்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தங்கச்சி தூங்கிவிட்டாள். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது அம்மா மெதுவாகச் சொன்னார்: "காணும், வீட்டை போவம். பிள்ளையளுக்குப் பசி."

"இன்னும் ஒரு வீடு இருக்கு" என்றார் அப்பா. வலது காலைப் பற்றிக் கேட்ட எதிர்வீட்டு மனிசியின் வாசலில் காரை நிறுத்தினார்.

இறங்கிப் பத்து அடி நடந்தால் எங்கள் வீடு. அந்த நேரத்தில் இவர் எதற்காக அங்கே போய் நிறுத்தவேண்டும்? அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பா கதவைத் திறக்கும்வரை காத்திருந்தார். எனக்குப் பசி மட்டுந்தான் தெரிந்தது.